சிக்னல்ஸ் உளவுப் பணியிலிருந்து ஓய்வு பெறுவோருக்கான பெங்களூரு வேலைவாய்ப்புப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில், அதிலும் எதிரியின் வானொலித் தொடர்பை ஒட்டுக் கேட்டு ஆராயும் பணியில் இருந்தவர்களுக்கு, ஓய்வுக்குப் பின் வேலை தேட வழிகாட்டுவதாகச் சொல்லும் வார இறுதிப் பயிற்சி ஒன்று பெங்களூரு இந்திராநகரில் நடைபெறுகிறது. சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்து வெளியே வந்தவன் என்ற முறையில் அதில் சேர்ந்து முடித்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பாடத்தை ஏறக்குறைய இதே அச்சில் நடத்தும் இடங்கள் இந்நகரில் வேறும் இருப்பதால், பெயரைக் காட்டிலும் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதே சேரப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். கட்டணம் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டுகிறது. என்னுடன் இருந்தவர்களில் பாதிப் பேர் வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து படைக்குப் போய், ஓய்வுக்குப் பின் அல்சூரிலும் ஜாலஹள்ளியிலும் குடியேறிய தமிழர்கள்.

பயிற்சியின் முதல் பாதி, பணி நியமனங்களும் எதிர்காலமும் என்ற தலைப்பில் நடக்கிறது. அங்கே பேசப்படுவது நம் நாட்டுப் பணி நியமனங்கள் அல்ல என்பதுதான் குறை. திரையில் வந்தவை அனைத்தும் அமெரிக்கத் தரைப்படையின் 35 என் என்னும் சமிக்ஞை உளவு ஆய்வாளர் பணியைப் பற்றியவை: டெக்சாஸ் மாநிலத்தின் குட்ஃபெலோ விமானப்படைத் தளத்தில் பயிற்சி, பிறகு மேரிலாந்தின் ஃபோர்ட் மீட், ஹவாயின் ஸ்கோஃபீல்டு பாரக்ஸ், தென்கொரியாவின் கேம்ப் ஹம்ஃப்ரீஸ் போன்ற இடங்களில் நியமனம், சீருடையைக் கழற்றியதும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. தகவல்கள் தவறல்ல. அமெரிக்கச் சமிக்ஞை உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் தலைமையகம் ஃபோர்ட் மீடில்தான் இருக்கிறது. அதற்கு வேலை செய்து கொடுக்கும் தனியார் நிறுவனங்களும் அதைச் சுற்றியே இருக்கின்றன. ஆனால் அந்தப் பாதை முழுவதையும் தாங்கி நிற்பது டி.எஸ்.-எஸ்.சி.ஐ. என்னும் உயர்நிலைப் பாதுகாப்பு அனுமதி. படையை விட்டு வந்தவர் 24 மாதங்களுக்குள் அத்தகைய வேறொரு பணியில் சேர்ந்தால், பெரும்பாலும் முழு விசாரணையையும் முதலிலிருந்து நடத்தாமலே அந்த அனுமதியைத் தொடர முடிகிறது. விசாரணைக்கு ஆகும் காலமும் செலவும் மிச்சமாவதால்தான் அங்குள்ள நிறுவனங்கள் அவரைத் தேடி வருகின்றன.

நம் நாட்டில் இப்படி ஆளோடு கூடவே நகரும் அனுமதி கிடையாது. இங்கே சரிபார்ப்பு என்பது பதவிக்கானது. பதவியை விட்டால் அதுவும் விட்டுப் போகிறது. எனவே அந்தப் படங்களில் காட்டிய ஊதியமும் வாய்ப்பும் இங்கே எதற்கும் அளவுகோல் ஆகாது. இதே கோளாறு சான்றிதழ் விஷயத்திலும் தெரிந்தது. செக்யூரிட்டி பிளஸ் என்னும் இணையப் பாதுகாப்புத் தேர்வை எழுதியே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 8140 என்னும் விதித் தொகுப்பின்படி தன் சைபர் பணியாளர்களிடம் இத்தகைய தகுதிகளைக் கேட்பதால் அங்கே அதற்கு மதிப்பு உண்டு. பெங்களூருவில் ஆளெடுப்பவர்கள் பலர் முதலில் கேட்பது சி.சி.என்.ஏ. என்னும் வலையமைப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றுதான்.

இடையில் கார்கில் கதை ஒன்றும் வந்தது. 1999 மே மாதம் பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் தரைப்படைத் தலைவர் முஷாரஃபும் ராவல்பிண்டியில் இருந்த அவரது தலைமைப் பணி அதிகாரி அஜீஸ் கானும் பேசிக்கொண்டதை இந்தியா பதிவு செய்து ஜூன் மாதம் வெளியிட்டதை, நம் சிக்னல்ஸ் சிப்பாய்களின் சாதனையைப் போலச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். அதைச் செய்தது நம் வெளிநாட்டு உளவு அமைப்பான ரா. அந்தப் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு எழுப்பிய கேள்விகளின் தொடர்ச்சியாக 2004இல் தொழில்நுட்ப உளவுக்கான என்.டி.ஆர்.ஓ. அமைப்பு உருவானது என்பதைச் சொல்லியிருந்தால் பாடத்துக்காவது உதவியிருக்கும். அதை ஒருவரும் சொல்லவில்லை.

உண்மையில் சொல்லப்பட வேண்டியவை நிறைய இருந்தன. ஜபல்பூரிலோ பனாஜியிலோ பயிற்சி முடித்து வருகிற சிப்பாய்க்கு எல்லைப் பகுதியும் அமைதிப் பகுதியும் மாறி மாறி வருகின்றன. பதவி உயர்வு காலியிடத்தைப் பொறுத்தது என்பதால், 8, 16, 24 ஆண்டுகளில் கிடைக்கும் எம்.ஏ.சி.பி. என்னும், பதவி உயராமலே வரும் ஊதிய நிலை உயர்வுதான் பலருக்கு நிச்சயமான படி. நடுவில் மோவில் உள்ள ராணுவத் தொலைத்தொடர்புக் கல்லூரியில் ஒரு தொழில்நுட்பப் படிப்போ, பச்மடியில் உள்ள ராணுவக் கல்வி மையத்தில் ஒரு மொழிப் படிப்போ கிடைத்தவர் ஓய்வுக்குப் பின் வேறு நிலையில் நிற்கிறார். குறிப்பாக மொழி. கருவி பத்தாண்டில் பழசாகிவிடும். சீன மொழி தெரிந்தவரின் தேவை அப்படிக் குறைவதில்லை. பணியில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், மொழிப் படிப்புக்கு இடம் வரும்போது வீட்டு விஷயத்தைக் காரணம் காட்டித் தட்டிக் கழிக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு முடிந்து வெளியே வரப்போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறு: ஓய்வூதியம் இல்லை, வெளியேறும்போது ஒருமுறை தரும் சேவா நிதித் தொகை மட்டும் உண்டு. அவர்களைப் பற்றிப் பயிற்சியில் ஒரு வரிகூட இல்லை.

அரசு வேலை பற்றிய பகுதி ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. அதிலும் அரைகுறை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு என்றும், வயதுக் கணக்கில் சேவைக் காலத்தைக் கழித்து மேலும் 3 ஆண்டு சலுகை தருவார்கள் என்றும் சரியாகச் சொன்னார்கள். மெட்ரிக் தேறி 15 ஆண்டு பணியாற்றியவரைப் பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி பணிக்குத் தகுதியானவராகக் கருதலாம் என்பதையும் சொன்னார்கள். தொழில்நுட்பத் தகுதியோ பணி அனுபவமோ கட்டாயமாகக் கேட்கும் பணிக்கு இந்தச் சலுகை செல்லாது என்ற பின்பாதியை மட்டும் விட்டுவிட்டார்கள். எங்கள் வேலைக்கு நெருக்கமான பணிகள் எல்லாம் அந்தப் பின்பாதியில்தான் மாட்டுகின்றன. உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் இளநிலை உளவு அலுவலர் தொழில்நுட்பப் பணிக்கு எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பாடத்தில் டிப்ளமோவோ, உரிய பாடங்களுடன் பி.எஸ்சி.யோ, பி.சி.ஏ.வோ வேண்டும், அமைச்சரவைச் செயலகத்தின் துணைக் கள அலுவலர் தொழில்நுட்பப் பணிக்கு கேட் என்னும் பொறியியல் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணே வாசல். படிப்பைப் பணிக்காலத்திலேயே முடித்து வைக்காதவருக்கு, எத்தனை ஆண்டு ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாலும், எஞ்சுவது வங்கி எழுத்தர் பணியோ காவலர் பணியோதான். ஜாலஹள்ளியில் 1954 முதல் இருக்கும் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் ராணுவத்துக்கு மின்னணுப் போர்க்கருவிகள் செய்கிறது. 2023 மார்ச்சில் ஹிம்சக்தி என்னும் திட்டத்துக்காக ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் அந்நிறுவனத்தின் ஹைதராபாத் பிரிவுக்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட கருவிகளின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் அதே நிறுவனத்தின் வாயிற்காவல் பணிக்கு விண்ணப்பிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தப் பயிற்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாததற்குக் காரணம், பயோடேட்டா எழுதக் கற்றுக்கொடுத்த வகுப்பு. அதை நடத்தியவர் கடற்படையில் தகவல் தொடர்பு மாலுமியாக இருந்து, இப்போது ஒரு வங்கியின் இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கும் தூத்துக்குடிக்காரர். அமெரிக்கப் படம் எதையும் அவர் காட்டவில்லை. எங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்து வாசித்தார்: வானொலி இயக்குபவர், 17 ஆண்டு, நல்ல நடத்தை. “தம்பி, ஒரு ராத்திரி டியூட்டியில நீங்க என்னென்ன செய்வீங்க, ரகசியத்தை விட்டுட்டு மத்ததை மட்டும் சொல்லுங்க” என்றார். அந்த நண்பர் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தார். வழக்கமாக வரும் ஒரு தொடர்பு வராமல் போனால் குறித்துக்கொள்வது, புதிய ஒன்று முளைத்தால் பழைய பதிவேட்டோடு ஒப்பிடுவது, இது உடனே மேலே போக வேண்டியதா காலை வரை பொறுக்குமா என்று முடிவு செய்வது, விடியும்போது அடுத்த ஆளிடம் விட்டுப்போகாமல் ஒப்படைப்பது. வகுப்பை நடத்தியவர் ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி, எதிரே தன் மையத்தில் அதே வேலைக்கு இருக்கும் பெயரை எழுதினார். பலகை நிரம்பியபோது அந்த நண்பர் தன் 17 ஆண்டை முதல்முறையாகப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

அவர் விளக்கிய இன்னொன்று முக்கியமானது. செய்தியின் உள்ளடக்கம் சங்கேதத்தில் இருந்து புரியாவிட்டாலும், யார் யாரோடு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் தொடர்பு கொள்கிறார் என்பதை மட்டும் வைத்து யார் தலைமை, யார் கீழே, எங்கே ஏதோ நகர்கிறது என்று கணிப்பது எங்கள் தொழிலின் பழைய வித்தை. இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று சங்கேதத்தில் ஓடுவதால், நிறுவனங்களின் வலையமைப்பைக் காப்பவர்களுக்கும் அதே வித்தைதான் தேவைப்படுகிறது. வங்கி மோசடிப் பிரிவில் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் பாயும் தடத்தைப் பார்ப்பவருக்கும் அதுவே. வானொலி அலை வரும் திசை காணும் பணியில் இருந்தவர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வானொலிக் கண்காணிப்பு அமைப்பும், எல்லைப் பாதுகாப்புப் படையின் வானொலிப் பணிகளும் இருக்கின்றன என்று பெயர் சொல்லிக் காட்டினார். கொடுத்த கட்டணத்தில் நியாயமானது இந்த வகுப்புக்கான பங்கு மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக, மறுவாரம் நடந்த லிங்க்ட்இன் வகுப்பு ஆபத்தானது என்றே சொல்வேன். சீருடையே அணியாத ஓர் இளைஞர், நீங்கள் கையாண்ட கருவிகளின் பெயர், பணியாற்றிய யூனிட், இருந்த இடம் ஆகியவற்றை விரிவாக எழுதினால்தான் தேடலில் மேலே வருவீர்கள் என்று பாடம் நடத்தினார். பக்கத்தில் இருந்த கிருஷ்ணகிரித் தம்பி எழுதவும் தொடங்கிவிட்டார். “தம்பி, கருவிப் பேரை அடி, யூனிட்டையும் அடி” என்றேன். “சார் எழுதச் சொன்னாரே அண்ணே” என்றார். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் கட்டுப்படுத்துகிறது. அது தவிர, இப்படி விரிவாக எழுதி வைப்பவர்களை ஆலோசகர் வேலை, கட்டுரைக்குச் சன்மானம் என்று சொல்லி அணுகுவது வெளிநாட்டு உளவு அமைப்புகளின் தெரிந்த வழிமுறை. நிர்வாகத்திடம் இதைச் சொன்னபோது, பாடத்திட்டம் ஏற்கெனவே அச்சிட்டதாயிற்றே என்று பதில் வந்தது. மற்ற எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொள்ளலாம், இதை மட்டும் முடியாது.

ஆய்வகம் பரவாயில்லை, கணினிகள் வேகமானவை, பயிற்சிக்கு வைத்திருந்த கண்காணிப்பு மென்பொருளும் தற்காலத்தியது. வேலைக்குச் சேர்த்துவிடுவோம் என்ற வாக்குறுதி, பொதுவில் கிடைக்கும் அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நின்றுவிடுகிறது.

இன்னும் பணியில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டியதில்லை. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் இயங்கும் மறுவாழ்வுத் தலைமை இயக்ககத்தின் படிப்புகளுக்கு யூனிட் வழியாக முதலில் விண்ணப்பியுங்கள், சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் சிப்பாய்களுக்கும் கட்டணத்தை அரசே ஏற்கிறது, அதிகாரிகள் 40 சதவீதம் கட்டினால் போதும். ஏற்கெனவே ஓய்வு பெற்று, கையில் டிப்ளமோவோ பட்டமோ வைத்திருந்து, தனியார் கண்காணிப்பு மையங்களில் இரவு ஷிப்ட்டுக்குத் தயாராக இருப்பவர்கள் சேரலாம். மீண்டும் உளவு வேலையே கிடைக்கும் என்று நம்பிச் சேராதீர்கள். பணம் கட்டும் முன் பயோடேட்டா வகுப்பை நடத்துபவர் யார் என்று கேளுங்கள், ஏனெனில் அந்த மாலுமி எல்லா அணிக்கும் வருவதில்லை. வற்புறுத்திக் கேட்டால் அந்த வகுப்பையும் ஆய்வகத்தையும் மட்டும் தனிக் கட்டணத்தில் தருகிறார்கள். விளம்பரத் தாளில் அது இல்லை, வரவேற்பில் நேரில் கேட்க வேண்டும்.