கவிஞர் தூங்கிய அறைக்குக் கூடுதல் கட்டணம் 420 யூரோ

பாரிசில் செய்ன் ஆற்றின் இடது கரையில் "இலக்கிய வரலாறு கொண்ட சொகுசு பூட்டிக் ஹோட்டல்" என்று ஒன்றைப் பார்த்து மயங்கி, கார்டு எண்ணைத் தட்டப் போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். 2024 அக்டோபரில் நானும் என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு இடத்தில் மூன்று இரவுக்கு 1,314 யூரோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். நம் காசுக்கு 1,20,000 ரூபாயை ஒட்டி வரும். வங்கியில் புகார் நடந்துகொண்டிருப்பதால் ஹோட்டல் பெயரைச் சொல்லவில்லை. கவிஞர் பெயரைச் சொன்னால் ஹோட்டல் தெரிந்துவிடும், அதனால் அதையும் விடுகிறேன். 19ஆம் நூற்றாண்டுக்காரர், நான் வகுப்பில் நடத்தியவர். அவ்வளவு போதும்.

நான் மதுரையில் 27 வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் பலவீனம் இதிலேயே தெரிந்திருக்கும். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற சாக்கில், எங்கள் 30ஆவது திருமண நாளுக்குப் பாரிசில் மூன்று நாள் என்று முடிவானது. சேமிப்பில் கைவைக்க என் வீட்டுக்காரர் சம்மதித்ததே பெரிய விஷயம். அவர் வங்கியில் இருந்தவர்.

முதலில் நான் ஆசைப்பட்டது ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் இறந்த ஹோட்டலுக்கு. போஸார் தெரு, 13ஆம் எண். 1900 நவம்பர் 30 அன்று, 46 வயதில், அங்கேதான் உயிர் போனது. அன்றைக்கு அதன் பெயர் அல்சாஸ் ஹோட்டல், மலிவு விடுதி. 1897இல் சிறையிலிருந்து வெளியே வந்து, செபாஸ்டியன் மெல்மாத் என்று பெயரை மாற்றிக்கொண்டு நாள் கடத்திய மனிதருக்கு அதுவே கைக்கு எட்டாத செலவு. அந்த விடுதிக்காரர் துப்வாரியே நல்ல மனசுக்காரர். முந்தைய விடுதியில் பாக்கிக்காகப் பிடித்து வைத்திருந்த வைல்டின் சாமான்களைத் தன் காசு கட்டி மீட்டுக் கொடுத்தவர். கடைசியில் இவருக்கும் பாக்கி வைத்துவிட்டுத்தான் வைல்ட் போனார். இன்றைக்கு அதே கட்டடம் 20 அறைகள் கொண்ட சொகுசு ஹோட்டல். வாடகையைப் பார்த்தேன், பக்கத்தை மூடிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் சரி. அதே பேட்டையில், கொஞ்சம் குறைந்த விலையில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஹோட்டலின் இணையப் பக்கத்தை எழுதியவருக்கு நல்ல கை. மங்கலான விளக்கு, ஒரு மேசை, மேசைமேல் மைக்கூடு, பக்கத்தில் கவிஞர் கையெழுத்தில் ஒரு கடிதம். "தன் கடைசிக் குளிர்காலத்தை அவர் இங்கேதான் கழித்தார்" என்று ஒரு வரி. சாதாரண அறை ஓர் இரவுக்கு 298 யூரோ. "கவிஞரின் அறை" 438. பரப்பு 22 சதுர மீட்டர் என்று போட்டிருந்தது. பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்ற நிபந்தனையையும் பார்த்தேன், பார்த்தும் கட்டினேன். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஐரோப்பாவில் உண்டு என்று மகள் சொல்லியிருந்தாள். தேதி குறித்துப் பதிவு செய்யும் தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

போய் இறங்கினோம். வரவேற்பில் இருந்த பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். பெட்டிகளோடு முற்றத்தைக் கடந்து பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். லிஃப்ட் நான்காவது மாடி வரைதான், அங்கிருந்து ஒரு மாடி மரப்படி. கதவில் பித்தளைத் தகட்டில் கவிஞர் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சிரைப்பு மறந்துபோனது. உள்ளே கட்டிலைச் சுற்றி நடக்க வேண்டுமென்றால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர், கீழே சமையலறைப் புகைபோக்கி. சுவர்க் காகிதம் ஒரு மூலையில் உரிந்து தொங்கியது. வைல்ட் தன் அறைச் சுவர்க் காகிதத்தோடு தனக்குச் சண்டை நடக்கிறது என்று சாகக் கிடக்கும்போது கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். அதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். கவிஞர்கள் இப்படித்தானே வாழ்ந்தார்கள் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

இவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலடியால் அளந்துகொண்டிருந்தார். "குளியலறையச் சேர்த்தாலே பதிமூணு, பதிமூணரை தேறும். இருபத்திரெண்டு எங்கேம்மா இருக்கு?"

அலமாரியில் தோல் அட்டை போட்ட புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்ததும் ஆறு புத்தகம் சேர்ந்தாற்போல் வந்தது. முதுகுப் பக்கம் மட்டும், உள்ளே வெறும் பெட்டி. மேசைமேல் கண்ணாடிச் சட்டத்தில் இருந்த கடிதம் நகல். சரி, அசலை யார் அறையில் வைப்பார்கள் என்று அதையும் விட்டேன்.

மறுநாள் காலை உணவுக்கு இறங்கினோம். ஒரு காப்பிக்கும் இரண்டு ரொட்டிக்கும் தலைக்கு 24 யூரோ, அதைப் பற்றித் தனியாக அழ வேண்டும். பக்கத்து மேசையில் பெல்ஜியத்திலிருந்து வந்த வயதான தம்பதி. அந்த அம்மா நன்றாக ஆங்கிலம் பேசினார். பேச்சு எங்கெங்கோ போய் அறைக்கு வந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, பெருமையோடு, "நாங்கள் கவிஞரின் அறையில் இருக்கிறோம்" என்றார்.

நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன்.

ஒரு நிமிடம் நாலு பேரும் பேசவில்லை. அப்புறம் அந்தம்மா கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். அதே மைக்கூடு, அதே கடிதம், அதே சட்டம். அவர்களுக்கு இரண்டாவது மாடி, எங்களுக்கு ஐந்தாவது. நாங்கள் நால்வரும் எழுந்து வரவேற்புக்குப் போனோம். அந்தப் பெண் கொஞ்சமும் பதறாமல் சொன்னாள்: "கவிஞரின் அறை என்பது ஓர் அறை வகை, மேடம். டீலக்ஸ், சுப்பீரியர் மாதிரி." இந்த வகையில் எத்தனை அறை இருக்கிறது என்று கேட்டேன். நான்கு என்றாள். அவர் எதில் தங்கினார் என்று கேட்டதற்கு, "இந்தச் சூழலில்" என்றாள். நிபந்தனைகளைத் திறந்து பார்த்தால், கடைசியில் சாம்பல் நிறச் சின்ன எழுத்தில், அறையின் அலங்காரம் கவிஞரின் வாழ்க்கையால் உந்தப்பட்டது என்று ஒரு வரி கிடந்தது.

படியேறும்போது இவர் கணக்குப் போட்டார். அறைக்கு 140 கூடுதல், மூன்று இரவு. "கரெக்டா ஃபோர்ட்வென்டிதான் வாங்கியிருக்கான்." சட்டத்தில் இப்போது எண் 318 என்று மாறிவிட்டாலும், நம் ஊர் வாயில் மோசடிக்கு எண் 420தான்.

எனக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. வாத்தியார் புத்தி. பிரான்சின் தேசிய நூலகம் கலிக்கா என்ற பெயரில் பழைய ஆவணங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் திதோ பொத்தேன் என்ற வணிகக் கையேடு வருஷவாரியாகக் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் எந்தத் தெருவில் எந்த எண்ணில் யார் என்ன தொழில் செய்தார்கள் என்று தெருவாரியாகப் பட்டியல் இருக்கும். கவிஞரின் கடைசிக் குளிர்காலம் எந்த வருஷம் என்று எனக்கு மனப்பாடம். அந்த வருஷத்துக் கையேட்டை எடுத்து, தெருவைத் தேடி, எண்ணைப் பிடித்தேன். ஒரு ஒயின் வியாபாரி. ஒரு புத்தகம் கட்டுபவர். ஹோட்டல் எதுவும் இல்லை. முன்னும் பின்னும் ஐந்தைந்து வருஷம் புரட்டினேன், அதே நிலைதான். அந்தக் கட்டடம் அப்போது ஹோட்டலாகவே இல்லை. இரவு இரண்டரை மணிக்கு இவரை எழுப்பிக் காட்டினேன். "காலையில பார்த்துக்கலாம், படு" என்றார். பிறகு அவரே எழுந்து கண்ணாடியைத் தேடினார்.

அறைக் கதவில் பித்தளைப் பலகை இருந்ததே, அது பொய்யா என்று மகள் கேட்டாள். பலகையை யாரும் அடித்து மாட்டலாம். உள்நோக்கம் இல்லாத பலகைகூடத் தப்பாக இருப்பதுண்டு. அதே ஊரில் தேகார்த் தெரு 39ஆம் எண்ணில், 1921 முதல் 1925 வரை அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே இங்கே வாழ்ந்தார் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவியோடு முதலில் குடியிருந்தது கொஞ்ச தூரத்தில் கார்டினல் லெமுவான் தெரு 74இல். தேகார்த் தெருவில் எழுதுவதற்கு ஓர் அறை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார். அதே வாசலில் இன்னொரு பலகை உண்டு, பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் 1896இல் அங்கே இறந்தார் என்று. அது உண்மை. நாங்கள் மூன்றாம் நாள் போய் இரண்டையும் பார்த்தோம். வைல்ட் ஹோட்டலின் வாசலுக்கும் போனோம். அவர் பெயரிலும், பின்னாளில் அங்கே தங்கிய அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் பெயரிலும் பலகைகள் இருக்கின்றன. உள்ளே போகத் தைரியம் வரவில்லை. பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் வைல்டின் கல்லறைக்கு மட்டும் போய், சிற்பி எப்ஸ்டீன் செதுக்கிய அந்தச் சிறகு வைத்த உருவத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். ரசிகர்களின் முத்தக் கறை தாங்காமல் 2011இல் சுற்றிக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அந்த மூன்று நாளில் நான் ஏமாறாத இடம் அது ஒன்றுதான், கட்டணமும் கிடையாது.

கிளம்பும் நாள் பில்லைப் பார்த்தவர் இவர். நகர வரி என்று ஒரு வரி இருந்தது. பாரிசில் அது தலைக்கு, இரவுக்கு, ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து வாங்கப்படுவது. 2024 ஜனவரியிலிருந்து பாரிஸ் வட்டாரத்தில் அதை நன்றாக ஏற்றியும் விட்டார்கள். எங்களிடம் வாங்கியது மூன்று நட்சத்திர விகிதம். வெளியே போய்ப் பார்த்தால், கதவுக்குப் பக்கத்தில் பூந்தொட்டிக்குப் பின்னால் சிவப்புத் தகட்டில் மூன்று நட்சத்திரம்தான். விளம்பரத்தில் நட்சத்திரம் பற்றிப் பேச்சே இல்லை, சொகுசு, பூட்டிக் என்ற சொற்கள்தான். அந்தச் சொற்களுக்கு அங்கே அரசு தரும் எந்த வகைப்பாடும் கிடையாது. நட்சத்திரத்துக்கு உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துத் தருகிறார்கள், அத்து பிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் தளத்தில் ஹோட்டல் பெயரைத் தட்டினால் வந்துவிடும். இரண்டு பேர் அறைக்கு மூன்று நட்சத்திரத்தில் குளியலறையோடு சேர்த்துக் குறைந்தது 13.5 சதுர மீட்டர், ஐந்து நட்சத்திரத்தில் 24. இவர் காலடிக் கணக்கு எவ்வளவு சரி பாருங்கள்.

பில் கட்டும்போது இன்னொன்று நடந்தது. கார்டு இயந்திரம் யூரோவா ரூபாயா என்று கேட்கும். அந்தப் பெண் எங்களைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிட்டாள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் பக்கம் தீர்மானிக்கும், நமக்குப் பெரும்பாலும் நஷ்டம். தேர்வு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான். இவர் விடவில்லை, ரத்து செய்து யூரோவில் போட வைத்தார். 30 வருஷ வங்கி வேலை அந்த ஒரு நிமிடத்தில் வேலை செய்தது.

ஊருக்கு வந்ததும் செய்தவை: ஹோட்டலுக்கு எழுத்தில் புகார். பதிலாக ஒரு இனிப்பான கடிதமும் அடுத்த முறை வந்தால் 10 சதவீதத் தள்ளுபடியும் வந்தன. பிரெஞ்சு அரசின் நுகர்வோர் துறை நடத்தும் சிக்னல்கோன்சோ தளத்தில் மகள் உதவியோடு பதிவு செய்தேன். ஏமாற்று விளம்பரம் அங்கே குற்றம், சிறைத் தண்டனைக்குக்கூட இடமுண்டு. ஆனால் அது நம் பணத்தை மீட்டுத் தருகிற இடமில்லை, புகார் சேர்கிற இடம். பணத்துக்கு வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கேட்டிருக்கிறோம், சொன்னதும் கொடுத்ததும் வேறு என்ற காரணத்தில். விளம்பரப் பக்கத்தைப் பதிவு செய்த அன்றே படம் எடுத்து வைத்திருந்தேன், அது இல்லையென்றால் ஒன்றும் நின்றிருக்காது. நாங்கள் திரும்பி வந்த இரண்டாவது வாரம் அந்தக் "கடைசிக் குளிர்காலம்" என்ற வரியை எடுத்துவிட்டார்கள்.

வங்கியிலிருந்து ஒரு தம்பி பேசினார். "மேடம், அந்தக் கவிஞர் அங்க தங்கலைங்கிறதுக்கு டாக்குமென்ட் இருக்கா?" என்றார். கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வரியைச் சிவப்பு மையில் கோடிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். விடைத்தாள் திருத்திய கைக்கு அதிலாவது ஒரு திருப்தி.

போன வாரம் பெல்ஜியத்து அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்களுக்கும் அதே 10 சதவீதக் கடிதம்தான் வந்திருக்கிறது. கையேட்டுப் பக்கத்தின் இணைப்பைக் கேட்டிருந்தார். அனுப்பிவிட்டேன்.