தூக்கத்தையும் மனநிலையையும் தினமும் பதியச் சொன்னார்கள், யாரும் படிக்கவில்லை: டயட் பேக்கேஜில் சேரும் முன் ஒரு எச்சரிக்கை

ஆப் வழியாக டயட் விற்பவர்கள் இப்போது எடையை மட்டும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இரவில் எத்தனை முறை விழிப்பு வந்தது, மனசு எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கிறார்கள். "உங்கள் பதிவை எங்கள் நிபுணர் தினமும் பார்த்து, உங்கள் உடம்புக்கு ஏற்றபடி உணவை மாற்றித் தருவார்" என்பதுதான் அவர்களுடைய விற்பனைப் பேச்சின் மையம். நான் பணம் கட்டியதும் அந்த வாக்குறுதிக்காகத்தான். என் பதிவுகளை யாரும் படிக்கவில்லை. அதைவிட மோசம், உடம்பு சொல்வதை எனக்கே தெரியாமல் மறைக்கும்படிதான் அந்தப் பதிவுமுறையை அமைத்திருந்தார்கள். என் புகார் இன்னும் முடிவாகாததால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதே அமைப்பு வேறு பெயர்களிலும் விற்கப்படுகிறது. எதைப் பார்த்தால் விலக வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மூன்று மாதப் பேக்கேஜ் அது. தானியம், பால் பொருட்கள், பயறு வகைகள், சர்க்கரை, பெரும்பாலான பழங்கள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். மொத்தக் கலோரியும் குறைவு. எந்த உணவை எப்போது திரும்பச் சேர்ப்பது என்று கேட்டதற்கு, "பதிவைப் பார்த்து முடிவு செய்வோம்" என்றார் கோச். ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறேன், என்ன நோய் இருக்கிறது என்று ஒரு கேள்விகூட இல்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் திடீரென மாவுச்சத்தை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ரத்த அழுத்த மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். மருந்துப் பட்டியலைக் கேட்காமல் டயட் கொடுப்பவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியது. எல்லோருக்கும் அப்படித்தான் இறங்கும். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகமும் கூடுதலாக உப்பை வெளியேற்றும். எடை மெஷினில் தெரிகிற அந்த இறக்கத்தில் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். சரியாக அந்த வாரத்தில்தான், நான் மிகவும் சந்தோஷமாக இருந்தபோது, "உங்கள் அனுபவத்தை நாலு வரி எழுதித் தாருங்கள்" என்று கேட்டு வாங்கினார்கள். அதன் பிறகு யாரும் என் அனுபவத்தைக் கேட்கவில்லை. இணையத்தில் நீங்கள் படிக்கும் பாராட்டுகளில் எத்தனை இப்படி முதல் வாரத்தில் எழுதி வாங்கப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் தூக்கம் கெட ஆரம்பித்தது. நடு இரவு தாண்டி விழிப்பு வரும், மறுபடி கண் மூடாது. எழுந்து நின்றால் தலை சுற்றும். கை கால் எப்போதும் சில்லிட்டிருக்கும். வீட்டில் யார் என்ன பேசினாலும் எரிச்சல். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு. இவை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஆப்பில் பதிந்தேன்.

பதிந்தேன் என்று சொல்கிறேனே தவிர, பதிய அங்கே இடமே இல்லை. மனநிலைக்கு ஐந்து முகப் படங்கள் இருந்தன. மேலே இருந்தது "அற்புதம்". கீழே, கடைசியில் இருந்தது "கொஞ்சம் சோர்வு". அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. அழுகை வந்த நாளும் "கொஞ்சம் சோர்வு", மதியம் கொட்டாவி வந்த நாளும் "கொஞ்சம் சோர்வு". அந்தக் கடைசி முகத்தைத் தொட்டால் உடனே அடுத்த திரையில் ஒரு கேள்வி வரும்: "இன்று திட்டத்தில் எதை மீறினீர்கள்?" அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நான் எதையும் மீறவில்லை. ஆனால் "எதையும் மீறவில்லை" என்ற விருப்பமே அந்தப் பட்டியலில் இல்லை. உடம்பு கெட்டால் அதற்கு நீங்கள்தான் காரணம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு வடிவமைத்த படிவம் அது. அந்தத் திரையை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

வாரக் கடைசியில் "முன்னேற்ற மதிப்பெண்" வரும். தூக்கம் மிக மோசமாகப் போன ஒரு வாரத்தில் அந்த மதிப்பெண் முந்தைய வாரத்தைவிட ஏறியிருந்தது. ஏன் என்று புரியாமல், ஒவ்வொரு விடையாக மாற்றிப் பார்த்தேன். எட்டு மணி நேரம் தூங்கினேன் என்று போட்டாலும் மூன்று மணி நேரம் என்று போட்டாலும் ஒரே மதிப்பெண். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மட்டும் குறைந்தது. அதாவது எப்படித் தூங்கினேன் என்பது கணக்கில் சேரவே இல்லை. பதிந்தேனா இல்லையா என்பதுதான் கணக்கு. மனநிலைக்கும் அதே கதைதான். எடை மட்டும்தான் உண்மையில் மதிப்பெண்ணை அசைத்தது. எடை இறங்கிக்கொண்டே இருந்ததால், நான் நொறுங்கிக்கொண்டிருந்த வாரங்களில்கூட ஆப் பச்சை நிறத்தில் "சிறப்பு" என்று காட்டியது. நீங்கள் ஏதாவது ஆப் பயன்படுத்தினால் இந்தச் சோதனையை இன்றே செய்யுங்கள். ஒரு நாள் மோசமான விடை, ஒரு நாள் நல்ல விடை போட்டுப் பாருங்கள். எண் மாறாவிட்டால் அந்தக் கேள்வி ஒப்புக்குத்தான் இருக்கிறது.

கோச்சுக்கு நேரடியாகவும் எழுதினேன். "உடலில் இருந்து நச்சு வெளியேறுகிறது, இது நல்ல அறிகுறி, தொடருங்கள்" என்று பதில் வந்தது. அதே பேக்கேஜில் சேர்ந்திருந்த ஒரு தோழிக்கு முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. அவளுக்கு வந்த பதிலையும் எனக்கு வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே வாசகம், அதே எழுத்துப் பிழையுடன். கூடவே இருவருக்கும் ஒரே சப்ளிமென்ட் வாங்கும் இணைப்பு. எனக்குத் தூக்கத்துக்காம், அவளுக்கு முடிக்காம்.

நச்சு என்ற இந்தப் பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன. அதற்காகத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. தலைச்சுற்றலுக்கும் தலைவலிக்கும் உப்பும் நீரும் குறைந்தது காரணமாக இருக்கலாம். வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எரிச்சலும் சோர்வும் சாப்பாட்டு நினைப்பும் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தார். நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரிதான், அதோடு வாரம் 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. கூடவே மனச்சோர்வு, எரிச்சல், குளிர் தாங்காமை, ஓயாத சாப்பாட்டு நினைப்பு எல்லாம் வந்தன. நல்ல மனத்திடத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால், எனக்கு வந்ததை ஒழுக்கக்குறைவு என்று சொல்ல இவர்கள் யார்? அந்த ஆய்வின் முடிவுகள் 1950லேயே புத்தகமாக வந்துவிட்டன. "நிபுணர் குழு" என்று போட்டுக்கொள்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

கடைசியில் ஒரு மருத்துவரிடம் போனேன். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஆப்பைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எப்போது முடியும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்டுப்பாட்டு உணவுக்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும் என்று விளக்கினார். குடல் எரிச்சல் உள்ளவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய லோ ஃபோட்மேப் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளிக்கும் சில வகை மாவுச்சத்துகளைக் குறைக்கும்) முறையில்கூட, அந்த உணவுகளை நிறுத்தும் கட்டம் 2 முதல் 6 வாரம்தான். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாததை மட்டும் விலக்க வேண்டும். நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் கீழே போகும் திட்டமென்றால் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் செய்யவே கூடாது. அவர் என்னை அனுப்பி வைத்த உணவியல் நிபுணர், நான் நிறுத்தியிருந்த உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார். தூக்கம் படிப்படியாகத் திரும்பியது.

விலகுகிறேன் என்று சொன்னபோதுதான் அடுத்த ஏமாற்று தெரிந்தது. "பலன் இல்லையென்றால் முழுப் பணம் திரும்ப" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. விதிகளின் அடியில், ஒரு நாள் பதிவு விட்டுப்போனாலும் அந்த உரிமை போய்விடும் என்று இருந்தது. உடம்பு முடியாமல் படுத்திருந்த நாட்களில் நான் பதியவில்லை. அதோடு பலன் என்பதற்கு அவர்கள் கொடுத்த வரையறை எடை குறைவது மட்டும்தான். நான் விலகல் கடிதம் அனுப்பிய அன்றே கணக்கை மூடிவிட்டார்கள். தூக்கம், மனநிலை, எடை என என் பதிவுகள் மொத்தமும் போய்விட்டன. மருத்துவரிடம் காட்டவும் புகாரில் இணைக்கவும் தற்செயலாக எடுத்து வைத்திருந்த சில ஸ்க்ரீன்ஷாட்கள்தான் மிஞ்சின. சில நாட்களில் முன்பின் தெரியாத ஒரு எண்ணிலிருந்து தூக்கத்துக்கான சப்ளிமென்ட் விற்க அழைப்பு வந்தது. எனக்குத் தூக்கப் பிரச்சினை என்று அழைத்தவருக்குத் தெரிந்திருந்தது. சேரும்போது ஏற்றுக்கொண்ட விதிகளில் "கூட்டாளர்களுடன் பகிரலாம்" என்று ஒரு வரி இருந்ததை அப்புறம் தேடிப் பார்த்தேன். மருத்துவமனையில் கொடுக்கும் தகவலுக்கு இருக்கும் பாதுகாப்பு இந்த ஆப்களுக்குப் பல நாடுகளில் அப்படியே பொருந்தாது. மனநிலையை எழுதிக் கொடுக்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பதிவு எழுதுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். டயட் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள், அப்போதுதான் பிறகு வருவதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியும். எடை ஒரே நாளில் ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். அதனால் தினசரி எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். தூக்கத்துக்கு, படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் எப்படி இருந்தது என்ற மூன்றும் போதும். கையில் கட்டும் வாட்ச் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் ஊகிக்கிறது. ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது சொல்வதை நம்பி உணவை மாற்ற வேண்டாம், தூக்கத்தின் நிலைகளை அளக்க மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். மனநிலைக்கு முகப் படங்களைவிட, மருத்துவர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் எவ்வளவோ மேல். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண், 10ஐ எட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் போங்கள். உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் இப்படிப்பட்ட பேக்கேஜ் பக்கமே போக வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த நிலை வந்தால் டயட்டை நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே மருத்துவரோடு பேசி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். விற்பவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்: "என் பதிவில் என்ன தெரிந்தால் நீங்களே நிறுத்தச் சொல்வீர்கள்?" எழுத்தில் பதில் வாங்குங்கள். என் கோச்சிடம் இதைக் கேட்டபோது "யாருக்கும் அப்படி நிறுத்தியதில்லை" என்று பெருமையாகச் சொன்னார்.

இப்போதே இப்படி ஒரு பேக்கேஜில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: விலகுகிறேன் என்று வாய் திறக்கும் முன், ஆப்பில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கோச்சுடன் நடந்த சாட், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தில் சொன்ன வாக்குறுதி, விதிகள் பக்கம் எல்லாவற்றையும் வேறு இடத்தில் சேமித்துவிட்டு, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை வங்கியிலோ கார்டிலோ நிறுத்துங்கள். விலகல் கடிதம் அதற்குப் பிறகுதான் போக வேண்டும்.