சி6-ஆ, ஓப்பன் டி-யா, டோப்ரோ ஜி-யா: ஸ்டீல் கிட்டாருக்கு எந்தக் கேஜ்?

சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாருக்கான 10–46 செட்டை (கேஜ் என்பது கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) லேப் ஸ்டீலில், அதாவது மடியில் கிடத்தி உலோகப் பாரை வழுக்கி வாசிக்கும் கிட்டாரில் மாட்டி, சி6 ட்யூனிங் வைத்துப் பாருங்கள். வைத்துவிடலாம், நிம்மதியாக வாசிக்கத்தான் முடியாது. 22.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) மேல் ஈ கம்பி சுமார் 12.5 பவுண்டு இழுவையில் தொளதொளவென்று கிடக்கும். கீழே ஐந்தாவது கம்பி தன் வழக்கமான சுருதியிலிருந்து ஏழு அரை ஸ்வரமும், ஆறாவது எட்டு அரை ஸ்வரமும் ஏற வேண்டும். இரண்டும் ஏறக்குறைய 34 பவுண்டுக்குப் போய்விடும். அதன் மேல் கனமான பாரை வைத்தால் மெல்லிய பக்கம் அமுங்கி சுருதி ஏறும், தடித்த பக்கம் அசையாது. சாதாரண கிட்டாரில் ஃப்ரெட் கட்டை செய்யும் சுருதி வேலையை ஸ்டீலில் பார்தான் செய்கிறது. அதனால் செட்டின் பெயரை விட, ஆறு கம்பியும் ஏறக்குறைய ஒரே இழுவையில் நிற்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும்.

சி6-க்கு (மேலிருந்து ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி) 15, 18, 22, 26, 30, 36 என்று போட்டால், அதே ஸ்கேலில் எல்லாம் சுமார் 21 முதல் 28 பவுண்டுக்குள் அடங்கும். இதில் வாக்குவாதம் வருவது மூன்றாவது கம்பியில்தான்: 22 வெறுங்கம்பியா, மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியா? வெறுங்கம்பி பளிச்சென்று கேட்கும், சில பிக்கப்பில் மற்றவற்றை அமுக்கிவிட்டு முன்னால் நிற்கும். சுற்றுக்கம்பி அடக்கமானது, ஆனால் பார் வழுக்கும்போது சரசரப்பு சேர்ந்துகொள்ளும். என் ஓட்டு வெறுங்கம்பிக்கே. சி6-இல் மெலடி அடிக்கடி அந்த ஏ-யில் வந்து உட்காரும், அங்கே சரசரப்பு காதை உறுத்தும். சத்தம் கூடுதலாக இருந்தால் 20-க்கு இறங்கினால் போதும்.

ஓப்பன் ஈ-யும் ஓப்பன் டி-யும் (பார் வைக்காமல் மீட்டினாலே அந்தக் கோர்டு ஒலிக்கும் ட்யூனிங்குகள்) ஒரே அமைப்பு, இரண்டு அரை ஸ்வரம்தான் வித்தியாசம். ஆனால் இழுவை சுருதியின் வர்க்கத்தோடு மாறுவதால், ஈ-யிலிருந்து டி-க்கு அப்படியே இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஈ-யில் 14 போட்ட மேல் கம்பிக்கு டி-யில் 16 போட்டால் பழைய பிடி திரும்பக் கிடைக்கும். இரண்டில் எது? பாடுபவரின் சுருதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜி-யில்தான் எச்சரிக்கை தேவை. ஸ்லைடு வாசிப்பவர்களின் ஓப்பன் ஜி கீழிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. டோப்ரோவின் (உள்ளே உலோகக் கோன் வைத்து ஒலியைப் பெருக்கும் ரெசனேட்டர் கிட்டார்) ஜி கீழிருந்து ஜி, பி, டி, ஜி, பி, டி. மேல் நான்கும் ஒன்றே என்பதால் ஒரே செட் போதும் என்று தோன்றும். ஆனால் ஆறாவது கம்பி ஐந்து அரை ஸ்வரம் ஏறுகிறது, அதாவது 78 சதவீதம் கூடுதல் இழுவை. ஐந்தாவதுக்கு ஏறக்குறைய 59 சதவீதம். ஓப்பன் ஜி-க்கென்று போட்ட தடித்த கீழ்க்கம்பிகளை அப்படி முறுக்கக் கூடாது. ரெசனேட்டருக்கென்றே விற்கும் 16–56 செட் இந்த உயர்ந்த ஜி-க்குத்தான். கோனை அசைக்க வலுவான இழுவை வேண்டும் என்பதால் மேல் கம்பிகளும் அதில் தடிமனாகவே இருக்கும்.

அப்புறம், அறுந்துபோகும் பயம். மெல்லிய கம்பி சீக்கிரம் அறும் என்று நினைத்து ஒரு கேஜ் ஏற்றுபவர்கள் நிறைய. ஒரே ஸ்கேலில் ஒரே சுருதியில் வெறுங்கம்பி தடித்தால் இழுவையும் கூடும், குறுக்குப் பரப்பும் அதே அளவு கூடும். கம்பியின் உள்ளே தாங்கும் அழுத்தம் மாறுவதே இல்லை. பெடலால் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீலின் ஈ9 ட்யூனிங்கில் அடிக்கடி அறும் மூன்றாவது கம்பி, அந்த ஜி ஷார்ப், 11-இல் இருந்தாலும் 12-இல் இருந்தாலும் தன் எல்லைக்கு அருகில்தான் நிற்கிறது. பெடலை மிதித்தால் ஏ வரை வேறு போக வேண்டும். அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அறுகிறது என்றால், கேஜை மாற்றுவதற்கு முன் சேஞ்சர் விரலில் (பெடலை மிதிக்கும்போது கம்பியை இழுக்கும் உலோகத் துண்டு) கம்பி படியும் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நைஸான எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கினாலே போதும்.