‘மூட்டு விலகியிருக்கு’ என்று சொல்லி பேக்கேஜ் விற்கிறார்களா? எஸ்.ஐ. ஜாயிண்ட் வலி உள்ளவர்கள் கவனத்துக்கு

24 சிட்டிங்குக்கு முன்கூட்டியே மொத்தப் பணத்தையும் கட்டி, ஐந்து மாதம் அலைந்து, கடைசியில் முதல் நாளைவிட அதிகமாக நொண்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்மணிக்கு நடந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறோம். பெயரும் இடமும் வேண்டாம். அவர் ஒருவருக்கு மட்டும் நடந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டோம். பிசியோதெரபி வேலையில் இருப்பவர்களின் காதில் இதே கதை, ஆள் மட்டும் மாறி, திரும்பத் திரும்ப விழுகிறது.

அவருக்கு இருந்த தொல்லை இதுதான்: முதுகின் அடியில், குழி விழும் இடத்தில், ஒரு பக்கம் மட்டும் வலி. படுக்கையில் புரண்டால் சுருக்கென்று பிடிக்கும். ஒற்றைக் காலில் நின்று உடுத்த முடியாது. முதல் நாள் அவரைக் குப்புறப் படுக்கவைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, “பாருங்க, இடது கால் அரை இன்ச் குட்டை. மூட்டு விலகியிருக்கு, தூக்கி வைக்கணும்” என்றிருக்கிறார்கள். எக்ஸ்-ரேயில் பேனாவால் கோடும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் சுடு ஒத்தடம், பதினைந்து நிமிடம் கரண்ட் சிகிச்சை, ஒரு நெட்டி. வீட்டில் செய்யச் சொல்லி 14 உடற்பயிற்சிப் படங்கள் கொண்ட ஒரு ஜெராக்ஸ் தாள். அவர் போன எந்த சிட்டிங்கிலும், ஒரே ஒரு பயிற்சியையாவது செய்து காட்டச் சொல்லி யாரும் பார்க்கவில்லை.

முதலில் அந்தக் கால் நீளக் கதை. மேசையில் லேசாகக் கோணலாகப் படுத்தாலோ, ஒரு பக்க முதுகுத் தசை இறுகியிருந்தாலோ, இடுப்பெலும்பு சற்று மேலேறி அந்தக் கால் குட்டையாகத் தெரியும். பிடிப்பவரின் கை ஒரு குதிகாலைச் சற்றே மேல்நோக்கித் தள்ளினாலும் அதே அரை இன்ச் வந்துவிடும். நெட்டி எடுத்த பிறகு நேராகப் பிடித்துக் காட்டினால் ‘சரியாகிவிட்டது’. வலியே இல்லாதவர்களைப் படுக்கவைத்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வித்தியாசம் காட்டிவிடலாம்.

எஸ்.ஐ. ஜாயிண்ட் எனப்படும் சாக்ரோஇலியாக் மூட்டு என்பது முதுகெலும்பின் அடியில் இருக்கும் திரிக எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடம். இடம் வலம் என்று இரண்டு. இரு எலும்பின் பரப்பும் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, உடம்பிலேயே மிக வலுவான தசைநார்களில் சிலவற்றால் கட்டப்பட்டிருக்கிறது. மொத்த அசைவே சில டிகிரி, ஓரிரு மில்லிமீட்டர்தான். பெரிய விபத்தில் அடிபட்டால் ஒழிய அது ‘கழன்று’ போகாது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 10 பேருடைய எலும்புகளில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, நெட்டி எடுப்பதற்கு முன்னும் பின்னும் சிறப்பு எக்ஸ்-ரே எடுத்து அளந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தவர்கள் ‘சரியாகிவிட்டது’ என்றார்கள். மூட்டின் நிலையோ துளியும் மாறவில்லை. நெட்டியில் கேட்கும் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உருவாகும் சத்தம். எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. இறுக்கம் தளர்ந்து சில மணி நேரமோ ஓரிரு நாளோ வலி குறையலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தற்காலிக நிம்மதியைக் காட்டித்தான் அடுத்த சிட்டிங் விற்கப்படுகிறது.

இன்னொரு சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. அடிமுதுகு, எஸ்.ஐ. மூட்டு, தொடையெலும்பு சேரும் பந்துக்கிண்ண மூட்டு மூன்றையும் நாம் ‘இடுப்பு’ என்றே சொல்கிறோம். எனவே போனவுடன் ‘இடுப்பு வலி’ என்று நிறுத்தாமல், ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். முதுகுக் குழியை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே உள்பக்கமாக விரல் போனால் எஸ்.ஐ. மூட்டைச் சந்தேகிக்கலாம். தொடையிடுக்கில் போனால் பெரும்பாலும் பந்துக்கிண்ண மூட்டு. நடு முதுகெலும்பில் தொடங்கிக் கால் விரல் வரை மின்சாரம் மாதிரி இறங்கினால் நரம்பைப் பார்க்க வேண்டும்.

விரல் காட்டியதோடும் முடிந்துவிடாது. ஒழுங்காகப் பரிசோதிப்பவர் மூட்டை அழுத்தி வலியைக் கிளப்பிப் பார்ப்பார்: மல்லாந்து படுக்கவைத்து இடுப்பெலும்பின் இரு முன்முனைகளையும் வெளிப்பக்கமாக அழுத்துவது, மடக்கிய தொடை வழியாகக் கீழ்நோக்கி அழுத்துவது, பக்கவாட்டில் படுக்கவைத்து மேலிருந்து அழுத்துவது, குப்புறப் படுக்கவைத்துத் திரிக எலும்பை அழுத்துவது, ஒரு காலை மார்போடு அணைத்து மறுகாலை மேசைக்கு வெளியே தொங்கவிடுவது. இவற்றில் மூன்றிலாவது உங்களுக்குப் பழக்கமான அதே வலி வந்தால் எஸ்.ஐ. மூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றே ஒன்றில் மட்டும் வந்தால் எதையும் முடிவுகட்ட முடியாது. அந்தப் பெண்மணிக்கு இவற்றில் எதுவுமே செய்யப்படவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் சிலருக்குப் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது, பின்னிரவில் எழுப்பிவிடுவது, கூடவே கண் சிவந்து வலிப்பது அல்லது சொரியாசிஸ்: இவை அழற்சி வாதத்தின் அடையாளங்கள். ஆரம்ப நிலையில் எக்ஸ்-ரே சுத்தமாகத் தெரியலாம், எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, எலும்பு வலுவிழந்த முதியவர்களுக்குத் திடீரென்று வந்த வலி ஆகியவை இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இவ்வளவையும் கேட்காமல் கரண்ட் வைக்க ஆரம்பிக்கிறவரை நம்ப வேண்டாம்.

இனி பயிற்சிகள். புட்டத்தின் பெரிய தசையின் இழைகள் எஸ்.ஐ. மூட்டைக் குறுக்கே கடக்கின்றன. அது இறுகும்போது மூட்டும் இறுகுகிறது. பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் என்ற புட்டத் தசைதான் ஒரு காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சாயாமல் பிடிக்கிறது. இந்த இரண்டையும் வலுப்படுத்துவதுதான் வேலையின் பெரும்பகுதி. நீட்டி இழுக்கும் ஸ்ட்ரெட்ச்கள் அல்ல. இயல்பிலேயே மூட்டுகள் அதிகம் வளைகிறவர்களுக்கும், பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் இருப்பவர்களுக்கும் ஆழமான ஸ்ட்ரெட்ச் வலியைக் கூட்டுவதைத்தான் பார்க்கிறோம்.

முதலில் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்காமல் ஒரு காலை 20 செ.மீ. தூக்குங்கள். பாரமாக இருக்கிறதா? இன்னொருவரை இடுப்பெலும்பை இரு பக்கமும் உள்நோக்கி அமுக்கச் சொல்லி மறுபடி தூக்குங்கள். இப்போது இலகுவாக இருந்தால், இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டும் வலுவூட்டும் பயிற்சியும் உங்களுக்குக் கைகொடுக்க வாய்ப்புண்டு. பெல்ட்டை வயிற்றில் கட்டுவது வீண். முன்பக்க இடுப்பெலும்பு முனைக்குச் சற்றுக் கீழே, தொடையின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்புக்கு மேலே வர வேண்டும். ஷூ லேஸ் கட்டும் அளவு இறுக்கம் போதும். நடக்கும்போது, நிற்கும்போது மட்டும் போடுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

தொடக்கம் பிரிட்ஜ். மல்லாந்து, முழங்கால் மடக்கி, பாதங்களை இடுப்பகலம் விரித்து வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து, முதலில் புட்டத்தை இறுக்கி, பிறகு குதிகாலை அழுத்தித் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்துங்கள். 5 விநாடி பிடித்து, 3 விநாடியில் இறக்குங்கள். தொடையின் பின்பக்கம் சதை பிடித்தால் குதிகால் தூரத்தில் இருக்கிறது, அருகே கொண்டுவாருங்கள். அடிமுதுகு வலித்தால் முதுகை வளைத்து அதிகம் தூக்குகிறீர்கள். மூட்டிலேயே வலித்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் பாதிப் பலத்தில் அமுக்கியபடி, பாதி உயரம் மட்டும் தூக்குங்கள். இரண்டு காலில் 10 விநாடி வீதம் 10 முறை, இடுப்பு ஆடாமல் வரும்வரை ஒற்றைக் கால் பிரிட்ஜ் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது கிளாம்ஷெல். எல்லாத் தாளிலும் இருக்கும், அநேகமாக எல்லோரும் தவறாகச் செய்வதும் இதுதான். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறக்க வேண்டும். ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பார்கள், பார்க்க நன்றாகவே இருக்கும். மேல்பக்க இடுப்பெலும்பின் முன்முனையில் உங்கள் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள்: முழங்கால் எழும்போதே அந்த எலும்பும் பின்னால் உருளும். அப்படியென்றால் வேலை செய்தது புட்டத் தசை இல்லை. இடுப்பெலும்பையும் முதுகையும் சேர்த்துத் திருகியிருக்கிறீர்கள், அதுவும் வலிக்கிற மூட்டின் மேலேயே. எலும்பு உருளத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். பலருக்கு அது நாலு விரல் அகலம்தான். முதுகைச் சுவரில் ஒட்டிப் படுத்தால் ஏமாற்ற வழியில்லை.

அது இலகுவானதும், அதே சுவரோரம் மேல் காலை நீட்டி, குதிகால் சுவரை உரசிக்கொண்டே மேலேறும்படி 30 டிகிரி அளவுக்குத் தூக்குங்கள். கால் கட்டைவிரல் கூரையைப் பார்க்கக் கூடாது. கால் முன்னால் நழுவினால் வேலை தொடையின் முன்பக்கத் தசைக்குப் போய்விடும். களைப்பு பின்பாக்கெட் இருக்கும் இடத்தில் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று எதிரெதிர் கையும் காலும் நீட்டுவது (இடுப்பின் மேல் வைத்த புத்தகம் விழக் கூடாது), நாற்காலியிலிருந்து கையூன்றாமல் இரு காலிலும் சம எடை கொடுத்து எழுவது, கடைசியாகப் படி ஏறுவது. படிக்கு 10 செ.மீ. உயரத்தில் தொடங்கி 15, 20 என்று கூட்டலாம். கண்ணாடி முன் இடுப்பு ஒரு பக்கம் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 2 அல்லது 3 சுற்று, வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஒரே நேரத்தில் மூன்று நான்கு பயிற்சி போதும். வலி 10க்கு 3 வரை வரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், முழுதாக விட்டுவிடாதீர்கள். தசை உண்மையில் வலுப்பெற 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் குணம் என்று எவர் சொன்னாலும் கணக்கு தப்பு.

அந்தப் பெண்மணிக்குக் கொடுத்த ஜெராக்ஸ் தாளில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, முழு சிட்-அப், ஒரு காலை மடக்கி மறுகாலைப் பின்னால் நீட்டி உட்காரும் ஆழமான ஸ்ட்ரெட்ச், ஒரு காலை வெகுதூரம் முன்னால் வைத்துத் தாழும் லஞ்ச் (lunge). எரிச்சலில் இருக்கிற எஸ்.ஐ. மூட்டுக்கு முதல் வாரத்திலேயே கொடுக்கக் கூடாதவை இவைதான். வலி கூடுகிறது என்று அவர் சொன்னபோது, “உள்ளே சரியாகும்போது அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்திருக்கிறது.

படுக்கையில் புரளும்போது முழங்கால்களை ஒட்டிக்கொண்டு உடம்பை ஒரே கட்டையாகத் திருப்புங்கள், காரிலிருந்து இறங்கும்போது இரு காலையும் சேர்த்தே வெளியே வையுங்கள், கால்சட்டையை உட்கார்ந்து போடுங்கள் என்ற மூன்று யோசனைகளைக்கூட அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வலி ஓரளவு தணிய முதல் இரண்டு வாரம் இவையே பெரிய உதவி.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: எந்தச் சோதனையில் எனக்கு எந்த வலி வந்தது, எத்தனை வாரத்தில் எதை அளந்து முன்னேற்றம் பார்ப்பீர்கள், பயிற்சியை யார் நேரில் பார்த்துத் திருத்துவார், பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் என்னாகும். ஒரு சிட்டிங்குக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள். சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெண்மணி 7 சிட்டிங் மீதியிருக்கும்போது நிறுத்தினார். ரசீதில் ‘சிகிச்சைக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது. எத்தனை சிட்டிங், ஒன்றுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை. மீதிப் பணம் இன்றுவரை திரும்பவில்லை.