ஈய எழுத்தா, ரிசோவா?

எழுத்தையே ஓவியமாக்கும் கலைஞர் புத்தகத்தை (புத்தகமே ஒரு கலைப்படைப்பு) நூறு பிரதிக்குள் போட நினைப்பவர்கள் கடைசியில் முட்டி நிற்பது இந்தக் கேள்வியில்தான்: ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிடுவதா, ரிசோ என்ற ஸ்டென்சில் நகல் இயந்திரத்தில் அடிப்பதா?

செலவு
ஈயம்: கைவேலைக் கூலிதான் பெரிது.
ரிசோ: ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மாஸ்டர் (மை இறங்கும் துளைத்தாள்). பிரதி கூடக் கூட அடக்கவிலை இறங்கும்.

எழுத்து விளையாட்டு
ஈயம்: எழுத்துகள் நேர்வரியில்தான் நிற்கும். ஒன்றைச் சாய்க்க வேண்டுமானால் சுற்றிலும் கட்டையும் ஈயத்துண்டும் செருகி இறுக்க வேண்டும். பெட்டியில் ‘கு’ தீர்ந்துவிட்டால் வரியையே மாற்றி எழுத வேண்டியதுதான். (அப்படி மாற்றியது சில சமயம் மேலாகவே அமைந்துவிடும்!) 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய செட் கிடைத்தால் யோகம்: துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் அதில் இருக்கும்.
ரிசோ: கணினியில் வரைந்தது அப்படியே வரும். எழுத்தின்மேல் எழுத்து ஏற்றலாம். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. நிறங்கள் இம்மி விலகும். பலருக்கு அதுதான் அழகு. பொடி எழுத்தில் எனக்கு ஒவ்வாது.

எவ்வளவு நாள் உழைக்கும்
ஈயம்: மை காய்ந்தால் அழியாமல் நிற்கும். தாளில் பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.
ரிசோ: மை முழுசாகக் காயாது, தேய்த்தால் கையில் ஒட்டும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் ஆகவே ஆகாது.

சொல் குறைவு, தாள் கனம், முப்பது பிரதி போதும் என்றால் ஈயம். நிறமும் பக்கமும் நிறைய, விலை மலிவாக இருக்கணும் என்றால் ரிசோ. உள்பக்கங்களை ரிசோவில் போட்டு, அட்டையை மட்டும் ஈயத்தில் அடிப்பவர்களும் உண்டு.