வீட்டுக் காற்றாலை: பல வருடம் ஓட்டியதில் தெரிந்தது

வீட்டுக்கு ஒரு சின்னக் காற்றாலை வைத்துப் பல வருடமாகிறது, இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கரண்ட் பில் எவ்வளவு குறையுது?" என்பதுதான். உங்கள் இடத்தில் சராசரிக் காற்று என்ன வேகம், இயந்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கப்போகிறது, இந்த இரண்டையும் விசாரிக்காமல் யார் யூனிட் கணக்கு சொன்னாலும் நம்பாதீர்கள்.

என்னுடையதில் மூன்று இறக்கை, விட்டம் 2 மீட்டர், மேலே ஒட்டியிருப்பது 1 கிலோவாட். அந்த 1 கிலோவாட் எப்போது வரும் தெரியுமா? காற்று விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டரில் அடிக்கும்போது. அந்தக் காற்றில் குடை பிடித்து நடப்பதே கஷ்டம். சாதாரண நாளில் கிடைப்பது 4, 5 மீட்டர் வேகம்தான். சரி, பாதி வேகத்துக்குப் பாதி மின்சாரமாவது வருமே என்றால் அதுவும் இல்லை, வேகம் பாதியானால் காற்றில் உள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். 5 மீட்டர் காற்றில் என் இறக்கைகள் சுற்றும் வட்டத்துக்குள் வருவதே சுமார் 240 வாட், அதிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார், இந்த அளவு இயந்திரம் 30 சதவீதம் எடுத்தாலே பெரிய விஷயம். ஆக கைக்கு வருவது 70 வாட் சொச்சம். ஒரு சீலிங் ஃபேன் ஓடும். காற்றைப் பிடித்து மறுபடி காற்று வாங்குகிறோம், அவ்வளவுதான்!

அதனால் வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் விட்டத்தைப் பாருங்கள். 2 மீட்டர் 3 மீட்டரானால் பிடிக்கும் பரப்பு இரண்டே கால் மடங்கு.

எனக்கு விற்றவர் மொட்டை மாடியிலேயே நட்டுவிடலாம், செலவு மிச்சம் என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. கட்டடத்தின் மேல் காற்று நேராக வராது, சுவரில் மோதிச் சுழன்று வரும், இயந்திரம் திசை தெரியாமல் அலைந்துகொண்டே இருக்கும். அதோடு அதிர்வு கான்கிரீட் வழியாக இறங்கி ராத்திரி படுக்கையறையில் உறுமும். 150 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட இறக்கையின் அடி நுனி குறைந்தது 9 மீட்டர் மேலே இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, மரம் இன்னும் வளரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது இழுவைக் கம்பிகள் கட்டிய, அடியில் கீல் வைத்துத் தரையில் சாய்க்கக்கூடிய கம்பம். ஏறிப் பழுது பார்க்கும் கம்பம் என்றால் எப்போதோ வெறுத்துப்போயிருப்பேன்.

ஏனென்றால் வேலை இருக்கிறது. காற்றுக்காலம் தொடங்குமுன் கம்பத்தைச் சாய்த்து, போல்ட் எல்லாம் முறுக்கிப் பார்த்து, கம்பிகளின் இறுக்கம் சரிசெய்து, இறக்கையின் முன்விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பேன். மணலும் மழைத்துளியும் அடித்து அடித்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகியிருக்கும், அதற்கென்று வரும் டேப்பை மாற்றி ஒட்டினால் சத்தம் குறையும். அப்புறம், இயந்திரத்தின் பின்னால் நீட்டிக்கொண்டு அதைக் காற்றுக்கு எதிரே திருப்பும் வாலின் கீல். பலத்த காற்றில் வால் மடங்கி இயந்திரத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதுதான் அதன் பாதுகாப்பே. ஒரு புயல் இரவில் வழக்கமான விசில் சத்தம் ஏறிக்கொண்டே போய் அலறலானது, வால் மடங்கவில்லை. பிரேக் ஸ்விட்ச் என்பது ஜெனரேட்டரின் மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைப்பது, முழுவேகத்தில் போட்டால் சுருள் எரிந்துபோகலாம். கையை ஸ்விட்சிலேயே வைத்துக்கொண்டு காற்று கொஞ்சம் தணியும் நொடிக்காக நின்று, தணிந்ததும் போட்டேன். சாய்த்துப் பார்த்தால் கீலின் ஊசி துருவேறி இறுகியிருந்தது. ஒரு கரண்டி கிரீஸ் சமாச்சாரம்!

சோலார் பழகினவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பேனலைப் பேட்டரியிலிருந்து கழற்றினால் அது சும்மா இருக்கும். சுற்றுகிற காற்றாலையைக் கழற்றினால் சுமை போய் தறிகெட்டு ஓடும். அதனால் பேட்டரி நிறைந்ததும் மிச்ச மின்சாரத்தைத் தின்ன ஒரு ஹீட்டர் சுருள், பேட்டரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரோடு எப்போதும் இணைந்திருக்கும். காற்றாலையும் பேட்டரியும் பழைய ஜோடி, 1887லேயே ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் இப்படித்தான் தன் வீட்டில் விளக்கு எரித்தார்.

சோலாரா காற்றா என்று கேட்டால், ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் சோலார். அசையும் பாகம் இல்லை, யூனிட்டுக்குச் செலவும் குறைவு. என்னிடம் இரண்டும் இருக்கிறது. மேகம் மூடி பேனல் படுத்துக்கிடக்கும் நாட்களிலும் ராத்திரியிலும் காற்றாலை கொடுப்பது கொஞ்சமானாலும் பேட்டரி அடிமட்டத்துக்குப் போகாமல் காக்கிறது, அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். நிமிர்ந்த அச்சில் சுற்றும் அழகான மாடல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், அதே பரப்புக்கு மின்சாரம் பொதுவாகக் குறைவு.

வாங்கும் எண்ணம் உறுதி என்றால், முதலில் ஒரு கம்பம் நட்டுப் பதிவுசெய்யும் காற்றுமானியை மேலே வைத்து ஒரு வருடம் விடுங்கள். சராசரி 4 மீட்டரைக்கூடத் தொடவில்லையென்றால் அந்தப் பணத்துக்குப் பேனல் வாங்குங்கள்.