கும்பகோணத்தில் எடுத்த கொலஸ்ட்ரால் டெஸ்ட்

லண்டனிலிருந்து ஊருக்குப் போனால் பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் முடித்துக்கொண்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை கும்பகோணத்தில் லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை. இரவு போன் செய்தேன். காலையில் காபிக்கு முன்னாலேயே லேப் தம்பி வந்து ரத்தம் எடுத்துப் போனார். மதியம் வாட்ஸப்பில் ரிப்போர்ட். வேகத்தில் குறையே சொல்ல முடியாது.

மொத்தக் கொலஸ்ட்ரால் 216. லண்டனில் 5.5 என்று கேட்டுப் பழகியவனுக்குத் திக்கென்றது. அளவுமுறைதான் வேறு: அங்கே மில்லிமோல், இங்கே மில்லிகிராம். 38.67ஆல் வகுத்தால் 5.6, அவ்வளவுதான். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பை மட்டும் 88.6ஆல் வகுக்க வேண்டும்.

கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 142, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 190. மூன்றும் சிவப்பு எழுத்தில். விளக்கம் கேட்டு லேப்புக்குப் போன் செய்தால், "ஹார்ட் பேக்கேஜ் ஆஃபர்ல இருக்கு சார்" என்கிறார்கள். பி.பி. எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் டோக்கன் போட்டு வெகுநேரம் காத்திருந்தேன். அது வீண்போகவில்லை. வயது, சர்க்கரை, சிகரெட் எல்லாம் விசாரித்து, பி.பி. பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எந்த வயசுல சார் அட்டாக் வந்தது?" என்றார். 52 என்றேன். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன் இதயநோய் வந்திருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதலாம். லேப் தாளில் எல்லோருக்கும் ஒரே 'நார்மல்'தான் அச்சாகிறது. ஆனால் இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆளுக்கேற்ற இலக்கு இருக்கிறது: சாதாரணமாக எல்.டி.எல். 100க்குக் கீழ், ஆபத்து அதிகமென்றால் 70க்குக் கீழ், ஏற்கெனவே அட்டாக் வந்தவர் போன்றோருக்கு 55க்குக் கீழ். லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற, பரம்பரையாக வரும் கொழுப்புச் சமாச்சாரத்தையும் ஒரு முறை பார்த்துவிடச் சொன்னார். 50 மில்லிகிராமைத் தாண்டினால் கவலைப்பட வேண்டுமாம். எனக்குத் தாண்டவில்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும், "உங்க ஊர் டாக்டரைக் கேட்டு ஆரம்பிங்க, தொடர்ந்து பார்க்க ஆள் வேணும்" என்று விட்டுவிட்டார். பாதி மருந்துக்கடைகளில் சீட்டே இல்லாமல் நீட்டியிருப்பார்கள்.

லண்டனில் அடுத்த 10 ஆண்டுகளுக்கான மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் க்யூரிஸ்க் என்ற கணக்கில் போடுகிறார்கள். இந்திய வம்சாவளி என்பதும் அதில் சேரும். மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதத்தைத்தான் அது கேட்கிறது. விகிதத்துக்கு மில்லிமோலும் இல்லை, மில்லிகிராமும் இல்லை. 216ஐ 36ஆல் வகுத்து வந்த கும்பகோணத்து 6.0 அப்படியே உள்ளே போயிற்று. 13 சதவீதம் வந்தது. 10 தாண்டினாலே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பேசுவார்கள், எனவே அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தொடங்கியாயிற்று.